நானூறு வேலை, நாலு கக்கூஸ்

பிளைவுட் தொழிற்சாலை வாசலில் அந்த அறிவிப்பை ஒட்டிய அன்று, காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் மணியடித்தும் உள்ளே போகவில்லை. "புதிய தொழிற்சாலை! நானூறு பேருக்கு வேலை!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானூறு மட்டும் சிவப்பு. பக்கத்தில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிற படம். அவர் பார்க்கிற திசையில் துருப்பிடித்த கதவுத் தாழ்ப்பாள்தான் இருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று முடிச்சக்கா அதைப் படித்தாள்.

"மூணு வருஷமா கூரை ஒழுகுது, ஒரு தகரம் மாத்திப் போட வக்கில்ல. புதுத் தொழிற்சாலையாம்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்தச் சிவப்பு எழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

முடிச்சக்கா என்பது தொழிற்சாலை வைத்த பெயர். வேகவைத்த மரத்துண்டை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினால், பென்சில் சீவினது மாதிரி மெல்லிய தகடு சுருள் சுருளாக வரும். அதை வெட்டி அவள் மேஜைக்குத் தள்ளுவார்கள். ஒரு தகட்டுக்கு ஒரு பார்வை, அவ்வளவுதான். நல்லது மேல்பக்கத்துக்கு, சுமாரானது நடுவுக்கு, ஆகாதது அடுப்புக்கு. மரத்தில் முடிச்சு எங்கே ஒளிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அந்தப் பழக்கம் மனிதர்களிடமும் வந்துவிட்டது. ஆளைப் பார்த்த உடனே ரகம் பிரித்துவிடுவாள். பெரும்பாலானவர்களை அவள் மனசுக்குள் அடுப்புக்குத்தான் அனுப்பினாள். முதலாளியை அனுப்பிப் பல வருஷமாகிறது.

அவள் கணவர் அதே தொழிற்சாலையில் சூட்டு பிரஸ் ஓட்டினார். பசை தடவிய தகடுகளை அடுக்கி, சூடான இரும்புப் பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிற வேலை. யார் எது சொன்னாலும் நம்புகிற மனுஷன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே, "நம்ம பொண்ணுக்கு வழி பிறந்துடுச்சு" என்றார்.

அவர்கள் மகள் இயந்திரப் படிப்பில் டிப்ளமா முடித்து ஒன்றரை வருஷமாக ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஊரில் படித்த பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான், எங்கேயாவது நின்றுகொண்டிருந்தார்கள்.

"வழி பிறக்கட்டும். முதல்ல அந்த நானூறு பிறக்கட்டும்" என்றாள் முடிச்சக்கா.

அந்த வாரமே ஊர் தலைகால் புரியாமல் ஆடத் தொடங்கியது. அதிலும் அதிகமாக ஆடியது அவளுடைய தங்கை வீட்டுக்காரன். அவன் முதலாளியின் கார் டிரைவர். பின்சீட்டில் முதலாளி போனில் பேசுவதில் நாலு வார்த்தை காதில் விழும். அதை வைத்து நாற்பது வார்த்தை பேசுவான். இப்போது ஒரு நீல ஃபைல் வாங்கியிருந்தான். யார் வந்து சான்றிதழ் நகலைக் கொடுத்தாலும் அதில் செருகிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக, இருபது வருஷமாக அவனை ஏய் என்று கூப்பிட்டவர்கள்கூட இப்போது அண்ணே என்றார்கள். மளிகைக்கடைக்காரர் அவனுக்கு நாற்காலி போட்டார். முடிவெட்டுகிறவர் வரிசையில் முன்னால் விட்டார். காலில் போட்டிருந்த ரப்பர் செருப்பை எடுத்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டான். அது கடித்ததில் கொஞ்சம் நொண்டினான். அந்த நொண்டலைக்கூட ஊர் ஒரு கம்பீரமாக எடுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். முடிச்சக்காவும் கூடப் போனாள். தனியாக விட மனசு வரவில்லை.

டிரைவர் சோபாவில் சாய்ந்திருந்தான். "வாங்க அண்ணி. நேத்துகூட ஐயா சொன்னாரு, டிரைவர், உன் ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுன்னு."

"உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாரா, இல்ல டிரைவர்னா?"

"அவரு எல்லாரையும் அப்படித்தான்…" என்று இழுத்தான். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பினான். "நீ கவலைப்படாதம்மா. இயந்திரப் பராமரிப்புல உனக்கு ஒரு இடம், நான் சொல்லி வைக்கிறேன்."

"எத்தனை இடம் இருக்கு சித்தப்பா அதுல?"

"நானூறுல உனக்கு ஒண்ணு இல்லாமப் போயிடுமா?"

முடிச்சக்காவுக்கு அவனிடம் வாய் நிறைய 'நீங்க' வரும், மனசுக்குள் 'அவன்'தான். "தம்பி, இந்த ஃபைலை நீங்க யாருகிட்ட குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"நேரம் வரும்போது."

"யாருகிட்டன்னு கேட்டேன்."

தங்கை உள்ளேயிருந்து டீ கொண்டு வந்து அக்காவை முறைத்தாள். மகள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். திரும்பி வரும் வழியில், "உனக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்மா. அவரு செய்யாட்டியும் பரவாயில்ல, செய்யறதக் கெடுக்காத" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

புதிய தொழிற்சாலைக்கு முதலாளி கேட்ட இடம் ஊர்ப் பொது மைதானம். சும்மா கேட்டார், விலைக்கு அல்ல. ஊருக்கு வேலை தருகிறேன், ஊர் எனக்கு இடம் தரட்டும் என்பது அவர் பேச்சு. நகராட்சி மன்றத்தில் பொதுக்கூட்டம் கூட்டி, ஊர்க்காரர்கள் கைதூக்கிச் சம்மதித்தால்தான் இடம் கைமாறும். அந்தக் கூட்டத்துக்கு மேடை ஜோடிக்கிற வேலை ஆரம்பமானது. மேடைக்குப் பின்னால் மரத்தகட்டாலேயே ஒரு சுவர் எழுப்ப வேண்டும், முடிச்சு இல்லாத தகடாகப் பொறுக்கு என்று மேனேஜர் முடிச்சக்காவை மன்றத்துக்கு அனுப்பினார்.

அங்கேதான் அவள் அந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைத் தொழிற்சாலை. பச்சைப் பஞ்சில் மரங்கள், தீப்பெட்டி அளவில் லாரிகள், வாசலில் எறும்பு மாதிரி நூற்றுக்கணக்கான குட்டி மனிதர்கள். அதற்கு மேலே சுவரில் கட்டடத்தின் வரைபடம். சுவரை அளந்துவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று நின்றவள், சும்மா அதைப் படித்தாள். இயந்திரக் கூடம், உலர்த்தும் அறை, சாப்பாட்டு அறை. கண் தானாகவே கக்கூஸைத் தேடியது.

அதற்குக் காரணம் உண்டு. பழைய தொழிற்சாலையில் தொண்ணூறு பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ் இருந்த காலத்தில், அவள்தான் முன்னால் நின்று சண்டை போட்டவள். பதினோரு மாதம் நடந்த சண்டை. கடைசியில் வந்த அதிகாரி, இருபது பேருக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்கு அவள் ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு.

வரைபடத்தில் ஆண்களுக்கு இரண்டு. பெண்களுக்கு ஒன்று. ஆபீசுக்கு ஒன்று.

விரலை வைத்து இன்னொரு தடவை எண்ணினாள். கட்டடத்தின் மறுகோடியில் ஏதாவது இருக்குமோ என்று அங்கேயும் தேடினாள். இல்லை. சாப்பாட்டு அறையில் முப்பது நாற்காலி வரைந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் யோசிக்கவேயில்லை. "பின்னாடி கட்டுவாங்க."

"பின்னாடி எங்க கட்டுவாங்க? சுத்திலும் காம்பவுண்டு சுவர்."

"பெரிய மனுஷங்க, யோசிக்காமலா செய்வாங்க?"

"யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். "அதான் எனக்குப் பயம்."

மகள் மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் மன்றத்தில் நுழைந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். படித்த பெண், அவளுக்குக் கக்கூஸ் எண்ணத் தேவைப்படவில்லை. "தகடு பிரிக்கறது, அடுக்கறது, பிரஸ்ல வைக்கறது எல்லாமே தானா நடக்கற மெஷினும்மா. ஆள் நிக்கறதுக்கே இடம் விடல" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "ஆனா நீ வாயைத் திறக்காத. எழுபது பேராவது எடுப்பாங்க இல்ல? அதுல நான் இருக்கணும்" என்றாள்.

முடிச்சக்கா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

கூட்டத்தன்று மன்றம் நிரம்பி வழிந்தது. முதலாளி அரை மணி நேரம் பேசினார். தன் சின்ன வயசைப் பற்றிப் பேசினார். மரம் பொறுமையைக் கற்றுத் தருகிறது என்றார். தன் வாழ்நாளில் மரத்தைக் கையால் தொட்டே பார்க்காத அந்த மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு, "மரத்தின் வாசம் எனக்குத் தாய்ப்பாலின் வாசம்" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வதற்குத் தயாராக இருந்த ஜனங்கள், எதைக் கொடுத்தாலும் தட்டியிருப்பார்கள். முன்வரிசையில் டிரைவர் நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாலாவது வாக்கியத்துக்கும் தானே எழுதிக் கொடுத்ததுபோலத் தலையாட்டினான்.

பிறகு முதலாளி கீழே பார்த்து, "என் பிள்ளைங்க மாதிரி நானூறு பேர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். கண் ஈரமே இல்லை. முடிச்சக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள், தெளிவாகத் தெரிந்தது. அந்த வறண்ட கண்ணைத் துடைத்ததுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் நகராட்சித் தலைவர், இருக்காது என்கிற தைரியத்தில்.

முடிச்சக்கா எழுந்து நின்றாள். மகள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"கக்கூஸ் எத்தனை?"

மன்றம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்தார். முதலாளி பெருந்தன்மையாகப் புன்னகைத்து, "அதெல்லாம் வசதியா இருக்கும்மா" என்றார்.

"வசதியக் கேக்கல. எண்ணிக்கையக் கேட்டேன்."

மேடை ஓரத்தில் வரைபடம் போட்ட இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றதை இன்னும் மறக்காத வயசு. "நாலுங்க" என்றார்.

"நானூறு பேருக்கு நாலா?"

"நானூறு இல்லைங்க. டிசைன் பண்ணது அறுபத்தெட்டு பேருக்கு. மூணு ஷிப்டும் சேர்த்து."

சிரிப்பு அப்படியே அறுந்து விழுந்தது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜினியருக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மெல்லப் புரிந்தது. எழுந்தவர் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி குனிந்தபடி நின்றார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "அது நேரடி வேலை. மீதி முந்நூத்தி முப்பத்திரண்டும் மறைமுக வேலை. லாரி ஓட்டறவங்க, டீ விக்கறவங்க, டயர் போடறவங்க. ஒரு தொழிற்சாலை வந்தா எத்தனை பேருக்குச் சோறு…"

"டீ விக்கறவரு இப்பவும் டீதான் வித்துக்கிட்டிருக்காரு" என்றாள் முடிச்சக்கா. "அவரு வேலை நீங்க வந்து குடுத்ததா?"

வாசலோரம் நின்றிருந்த டீக்கடைக்காரர், "எங்கப்பா காலத்துக் கடை!" என்று கத்தினார். பின்வரிசையில் யாரோ, "மறைமுகமா வேலை பார்த்தா, கக்கூஸுக்கும் மறைமுகமாத்தான் போகணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்கவில்லை. தலைவர் மேஜையைத் தட்டோ தட்டென்று தட்டி, திருத்திய வரைபடத்தோடு அடுத்த மாதம் கூடலாம் என்று சொல்லி எல்லோரையும் கலைத்துவிட்டார்.

ஊர் தன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று முடிச்சக்கா நினைக்கவில்லை. ஆனால் தூக்கிப் போட்டு மிதிக்கும் என்றும் நினைக்கவில்லை. இரண்டு நாள் முதலாளியைத் திட்டினார்கள். மூன்றாம் நாள், 'அறுபத்தெட்டும் போச்சே' என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், திட்டு முழுக்க அவள் பக்கம் திரும்பிவிட்டது. தகடு மேஜையில் பத்து வருஷம் அவள் எதிரில் நின்றவள், டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்ச் சாப்பிட்டாள். ஏமாற்றியவன் மேல் கோபப்படுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஏமாந்ததைச் சொன்னவள் மேல் கோபப்படுவது சுலபம். சுலபமானதையே செய்து பழகிய ஊர்.

டிரைவர் வீட்டுக்கே வந்துவிட்டான். "என் மானத்தை வாங்கிட்டீங்க அண்ணி! முந்நூறு பேரு சான்றிதழ் என் கையில இருக்கு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்?"

"இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டுதான்."

அவன் நொண்டிக்கொண்டே போய்விட்டான். மகள் ஒன்பது நாள் பேசவில்லை. கணவர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா என்று இரண்டு பக்கமும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாமே இரும்பு. மரமென்று ஒரு குச்சிகூட இல்லை.

"உக்காருங்கம்மா. உங்களை மாதிரி தைரியமானவங்கதான் நிறுவனத்துக்கு வேணும்" என்றார் முதலாளி. மேஜையில் புது வரைபடத்தை விரித்தார். "எண்ணிப் பாருங்க."

இருபது கக்கூஸ். கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்க, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருந்தது.

"நானூறு பேருக்கு இருபது. சட்டப்படி. இப்ப திருப்தியா?"

"ஆளு?"

"என்ன ஆளு?"

"மெஷினும் அதே மெஷின்தானே? ஆளு அதே அறுபத்தெட்டுதானே?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் களைப்புதான் இருந்தது. "அம்மா, கூட்டத்துல நீங்க கேட்டது கக்கூஸ் எத்தனைன்னு. நான் அதுக்குப் பதில் சொல்லிட்டேன். வேற யாரும் வேற எதுவும் கேக்கல."

அவர் சொன்னது உண்மை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆள் எத்தனை என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். சாமர்த்தியமாகக் கேட்கிறோம் என்று நினைத்துக் கக்கூஸைக் கேட்டாள். மனுஷன் கக்கூஸையே கொடுத்துவிட்டான்.

அடுத்த கூட்டத்தில் இன்ஜினியர் இல்லை. தலைவர் இருபது என்று படித்ததும் மன்றம் கைதட்டியது. இருபது பேருக்கு ஒன்று, இருபது இருபது நானூறு, கணக்கு சரியாக வருகிறதே என்று பக்கத்து வரிசையில் ஒருவர் தன் மனைவிக்கு விரல்விட்டு விளக்கினார். முடிச்சக்கா எழுந்து, "மெஷின் மாறலையே, ஆள் எத்தனை?" என்று கேட்டாள். அவள் குரல் வெளியே வருவதற்குள், "உக்காரு! உக்காரு!" என்ற சத்தம் அதை விழுங்கிவிட்டது. கைதூக்கச் சொன்னார்கள். மன்றம் முழுக்கக் கை. மகள் தூக்கினாள். கணவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு தோள் வலிக்கிறவர் மாதிரி மெதுவாகத் தூக்கினார். மைதானம் கைமாறியது.

ஒன்றே முக்கால் வருஷத்தில் புதிய தொழிற்சாலை எழும்பியது. பழைய தொழிற்சாலையில் இருநூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். அதை மூடினார்கள். புதியதில் எடுத்தது அறுபத்தெட்டு பேரை. பிரஸ் ஓட்டத் தெரிந்தவர் என்று அவள் கணவரை எடுத்துக்கொண்டார்கள். தகடு பிரிக்க ஒரு கேமரா வந்தது. அறுபத்தெட்டு பேருக்கு இருபது கக்கூஸ். மூன்றில் மட்டும் தண்ணீர் வந்தது. மற்றவற்றில் பசை மூட்டைகளை அடுக்கிவைத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த விருந்தாளிகளுக்கு முதலாளி அந்த வரிசையைத்தான் முதலில் காட்டினார். அந்த வருஷமே அவருக்குத் தொழிலாளர் நலனுக்காக ஒரு கேடயம் கிடைத்தது.

முந்நூறு பேரும் சான்றிதழைத் திருப்பிக் கேட்டு டிரைவர் வாசலில் நின்றார்கள். அவன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ள, தங்கைதான் ஃபைலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தாள். முதலாளி புதுக் கார் வாங்கினார். அதற்கு ஆங்கிலம் பேசுகிற டிரைவர் வந்தான். இவனை லாரிக்கு மாற்றினார்கள். மகள் எந்த ஃபைலையும் நம்பாமல் தானே எழுதிப்போட்டு, வேறு நகரத்தில் பாட்டில் தொழிற்சாலை ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு போனாள். பஸ் ஏறும்போது, "நீ சொன்னது சரிம்மா. ஆனா நீ சொன்ன விதம் சரியில்ல" என்றாள். முடிச்சக்கா, "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பழைய தொழிற்சாலை மூடின வாரத்தில் முதலாளி அவளை மறுபடியும் கூப்பிட்டனுப்பினார். உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம் என்றார். கக்கூஸ் பராமரிப்பு. "நீங்க கேட்டுத்தானேம்மா கட்டினோம்" என்று சொல்லும்போது அவர் உதட்டோரம் துடித்தது. பக்கத்தில் நின்ற மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"கழுவற வேலையில ஒண்ணும் கேவலமில்ல. நான் வீட்டுல கழுவாததா?" என்றாள் முடிச்சக்கா. "அதைக் குடுக்கறப்ப உங்க மூஞ்சி போன போக்குதான் கேவலம். பதினேழுல மூட்டை இருக்கு, மூணுல தண்ணி வருது. அதுக்கு எதுக்கு ஒரு ஆளு? நீங்களே பார்த்துக்கலாம்."

நாலு மாதம் சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள் கதவு செய்கிற பட்டறைக்காரர் வீடு தேடி வந்தார். நாற்பது பேரை வைத்துக் கதவு செய்து நாலு ஊருக்கு அனுப்புகிற ஆள், அதிகம் பேசமாட்டார். பலகைக்கு அவர் நம்பியிருந்தது புதிய தொழிற்சாலையை. "கேமரா பார்த்து அனுப்பறாங்களாம். என் கதவெல்லாம் ரெண்டே மாசத்துல வாயைப் பிளக்குது. நீங்க வந்து லாரிய இறக்கறதுக்கு முன்னாடி பாருங்க. ஆகாததை அப்படியே திருப்பிடலாம்" என்றார்.

முதல் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தது தங்கை வீட்டுக்காரன். இறங்கியதும் அவளைப் பார்த்தான். அவன் காலில் மறுபடியும் ரப்பர் செருப்பு.

"அண்ணி, நம்ம ஆளுங்கதானே…"

"தார்ப்பாயை எடுங்க தம்பி."

பலகையின் மேல் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். ஒட்டின பலகை கெட்டியாகக் கேட்கும். உள்ளே கொப்புளம் கட்டியிருந்தால் பொத்துப்போன டப்பா மாதிரி கேட்கும். கேமராவுக்குக் கண் இருந்தது, காது இல்லை. அன்றைக்கு நூற்றிருபதில் முப்பத்தொன்றின் மேல் சாக்பீஸால் குறுக்குக்கோடு போட்டாள். அடுத்த லாரியில் நாற்பது. மூன்றாவது லாரியை இறக்கவே விடவில்லை.

அதற்கடுத்த நாள் முதலாளியே வந்தார். பட்டறைத் தரையில் கிடந்த மரத்தூளில் ஷூ படாமல் நுனிக்காலில் நடந்து வந்தார். குறுக்குக்கோடு போட்ட பலகையைப் பார்த்தார். "இது குறையில்லம்மா. இயற்கையான மரத்துல இந்த அழகெல்லாம் இருக்கத்தான் செய்யும்."

"அழகா இருக்குல்ல? உங்க ஆபீசுக்குப் போடுங்க. அங்க எல்லாம் இரும்பா இருக்கு."

பட்டறைக்காரர் இழைப்பதை நிறுத்தவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

முதலாளி குரலைத் தணித்தார். "நம்ம நிறுவனத்தால ஊருக்குக் கிடைச்ச வேலைன்னு நகராட்சிக்கு ஒரு பட்டியல் குடுத்திருக்கோம். நானூறு பேரு. அதுல உங்க பேரும் இருக்கு, தெரியுமா? கதவுப் பட்டறை, தரம் பார்க்கிறவர், ஒண்ணு. எங்க சரக்கு இல்லைன்னா உங்களுக்கு இந்த வேலை ஏது?"

முடிச்சக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மனுஷனிடம் இன்னும் எத்தனை வித்தை இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வாஸ்தவம்தான்" என்றாள். "நீங்க ஒழுங்காப் பண்ணியிருந்தா எனக்கு வேலையே இல்ல. நல்லா எழுதிக்குங்க."

இறக்காமல் நின்றிருந்த லாரி அப்படியே திரும்பிப் போனது. முதலாளி பின்னால் காரில் போனார்.

அன்று சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டைப் போட்டாள். கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னைக்குத் திருப்பினதுல என் ஷிப்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒன்பது பலகை. முத்திரையப் பார்த்தேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. இருபத்தாறு வருஷம் பிரஸ் ஓட்டியவர். அவர் அழுத்திய பலகை ஒன்றுகூட முன்பெல்லாம் திரும்பி வந்ததில்லை. முடிச்சக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் கேட்டதற்குப் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தகடு காயறதுக்கு முன்னாடியே அனுப்பறாங்க" என்றார் மெதுவாக. "ஈரமா இருக்குன்னு சொன்னேன். மெஷின் ஓகே காட்டுது, நீ ஏன் பேசறேங்கறான் மேனேஜர்."

"யாருகிட்ட சொன்னீங்க? மேனேஜர்கிட்டயா? நீங்களா?"

"நான்தான்" என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகிற வழியில் நின்றார்.

"வியாழக்கிழமை ஒரு லாரி வருது. மேல ரெண்டு அடுக்கும் நல்லதா வச்சிருக்காங்க. நீ நடுவுல பிரிச்சுப் பாரு."